சொந்த நோடு... சுட்ட நாய்!

பல் டாக்டரின் கிளினிக்கில் அலறல் கேட்பது ஒன்றும் அதிசயமில்லை.

ஆனால் அன்று காலை பத்து மணிக்கு அலறியது... டாக்டர்!

நாற்காலியில் வாயைப் பிளந்து படுத்திருந்த பெண் திடுக்கிட்டார். அவருடைய கடைவாய்ப்பல்லில் பாதித் துளை போட்டாகிவிட்டது. இடது கன்னம் மரத்துப்போய், அது தன்னுடையதுதானா என்ற சந்தேகத்தில் அவர் இருந்தார். டாக்டரின் ஒரு கையில் துளை போடும் மிஷின் இன்னும் ஙொய்ங்கென்று சுற்றிக்கொண்டிருந்தது. இன்னொரு கையில் செல்போன். டாக்டரின் கண் செல்போனில் இருந்தது. மிஷினோ அந்தப் பெண்ணின் மூக்கை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது!

சட்டென்று டாக்டரின் மணிக்கட்டைப் பிடித்து ஒரு திருகு திருகினார் அந்தப் பெண். டாக்டர் 'ஆ' என்றார். மிஷின் நின்றது.

அந்தப் பிடி சாதாரணப் பிடி அல்ல. ஏனென்றால் அந்தப் பெண் பல்வலிக்காரர் மட்டுமல்ல... குற்றப் பிரிவு இன்ஸ்பெக்டர்!

"என்ன டாக்டர்? போனைக் காத்துங்க."

காட்டுங்க என்றுதான் சொன்னார். மரத்த நாக்கு அப்படித்தான் உச்சரித்தது.

டாக்டர் காட்டினார்.

'உன் சீமாட்டி எங்களிடம். பணம் வேண்டாம். மாலை நாலு மணிக்குள் அவளுடைய உரிமைப் பதிவைக் கீழே உள்ள முகவரிக்கு மாற்று. மாற்றினால் வருவாள். போலீஸ் பக்கம் தலைவைத்துப் படுக்காதே.'

கீழே நாற்பது எழுத்துக்கு ஒரு முகவரி. எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்து, கீபோர்டில் பூனை நடந்தது போல் இருந்தது. அனுப்பியவனின் நம்பர் இல்லை.

போலீஸ் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாதாம்! அந்த நேரத்தில் போலீசே டாக்டரின் பக்கம் தலைவைத்துத்தான் படுத்திருந்தது.

"யாரு சீமாட்டி? மனைவியா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

டாக்டர் வெளி அறைக்கு ஓடினார். நோயாளிகள் காத்திருக்கும் அறை. மீன் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு குட்டி மெத்தை. மெத்தையின் மேல் ஒரு சிவப்புக் கழுத்துப்பட்டை. கழுத்தை மட்டும் காணோம்!

சீமாட்டி என்பது நாய். முழங்கால் உயரம், தரையைப் பெருக்கும் வெள்ளை முடி, அழகுப் போட்டியில் மூன்று வருடம் தொடர்ந்து முதல் பரிசு. ஆனால் அவளுடைய உண்மையான வேலை அதுவல்ல. பல் பிடுங்கப் பயந்து நடுங்குகிறவர்களின் மடியில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். பாதிப் பேர் டாக்டரை நம்பி வருவதில்லை, அவளை நம்பித்தான் வருகிறார்கள்.

"எனக்குன்னு இருக்கறது அவ ஒருத்திதான் மேடம்" என்றார் டாக்டர். "அவளுக்கு இதயத்துல கோளாறு. மதியம் ரெண்டு மணிக்கு மாத்திரை குடுத்தாகணும். போன தடவை தவறிப்போய் மயங்கிட்டா. அரை மணி நேரம் கண்ணு திறக்கல. இன்னொரு தடவை மயங்கினா..."

நோயாளிகள் அழுவதைப் பார்த்துப் பழகிய அந்த அறை, அன்றுதான் டாக்டர் அழுவதைப் பார்த்தது.

கடத்தியவன் கொடுத்த கெடு நாலு மணி. சீமாட்டியின் இதயம் கொடுத்த கெடு இரண்டு மணி!

இன்ஸ்பெக்டர் எழுந்தார். பாதி குடைந்த பல்லைப் பற்றியும், கழுத்தில் கட்டியிருந்த நீலக் காகிதத் துண்டைப் பற்றியும் அவர் கவலைப்படவில்லை.

"பதிவுன்னா எங்க பதிவு? அங்க போலாம். மாத்திரையைக் கையில எடுத்துக்கங்க."

2

செருப்புக் கடைக்கு மேல் மாடியில் மூன்று அறை. 'பரம்பரை நாய்ப் பதிவகம்' என்று பலகை.

எந்த நாய் எந்த நாய்க்குப் பிறந்தது, இப்போது யாருடையது என்று எழுதி வைப்பதுதான் தொழில். எழுதி வைப்பது பீரோவில் அல்ல, பிளாக்செயினில்!

பயந்துவிடாதீர்கள். பிளாக்செயின் என்பது ஒரு நோட்டுப் புத்தகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே நோட்டின் நகல் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் இருக்கும். எழுதினதை அழிக்க முடியாது. அந்தக் கம்ப்யூட்டர்களுக்கு நோடு என்று பெயர். நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியவேண்டுமானால் ஏதாவது ஒரு நோடைக் கேட்க வேண்டும். நோட்டு எது, நோடு எது என்று குழப்பமாக இருந்தால் பரவாயில்லை, கீழே செருப்புக் கடைக்காரர் மூன்று மாதமாகக் குழம்பிக்கொண்டிருக்கிறார்.

ஏன் மூன்று மாதம்? எந்த நோடைக் கேட்பது என்று மாடியில் சண்டை தொடங்கி மூன்று மாதம் ஆகிறது!

சண்டை போடுகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் அத்தான். இன்னொருத்தி அவருடைய மனைவியின் தங்கை, அதாவது மச்சினி. இருவரும் பாதிப் பாதி பங்குதாரர்கள். ஊர் முழுக்க அவரை அத்தான் என்றுதான் கூப்பிடும். நமக்கும் அவர் அத்தானாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

அத்தானின் கட்சி சொந்த நோடு. வீட்டுக் கூடத்தில், டி.வி.க்குப் பக்கத்தில், ஒரு கறுப்புப் பெட்டியை வாங்கி வைத்து, முழு நோட்டையும் அதில் இறக்கி, பச்சைக் குழந்தையைப் போலப் பார்த்துக்கொள்கிறார். நானூற்றுப் பன்னிரண்டு நாளாக அது ஒரு நிமிஷம்கூட நின்றதில்லை. காலையில் எழுந்ததும் மனைவியின் முகத்தில் விழிக்கிறாரோ இல்லையோ, அந்தப் பெட்டியின் பச்சை விளக்கில் விழிப்பார்.

மச்சினியின் கட்சி வாடகை நோடு. ஒரு கம்பெனிக்காரன் நூறு நோடு வைத்திருக்கிறான். நாம் கேட்டால் அவன் பதில் சொல்வான். பராமரிப்பு அவன் தலைவலி.

"ஒரு டம்ளர் பாலுக்கு எதுக்கு அத்தான் மாடு?" என்பாள் மச்சினி.

"பாக்கெட் பால்ல எவ்வளவு தண்ணின்னு மாட்டுக்காரனுக்குத்தாம்மா தெரியும்" என்பார் அத்தான்.

"மாடு உதைச்சா?"

"என் மாடு உதைக்காது."

இப்படியே மூன்று மாதம். அலுவலகத்தில் தொடங்கி, ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசை வரைக்கும். அக்கா பரிமாறிக்கொண்டே இருப்பாள். ஒரு வார்த்தை பேச மாட்டாள்.

அன்று பதினோரு மணிக்கு அந்தச் சண்டைக்கு முடிவு. வாடகைக் கம்பெனியின் பிரதிநிதி ஒப்பந்தப் பத்திரத்தோடும் பேனாவோடும் வந்து உட்கார்ந்திருந்தார். வெள்ளோட்டமாக மூன்று மாதம் ஓட்டிப் பார்த்தாயிற்று. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அத்தான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஆச்சரியம் என்னவென்றால், அன்று அவர் ஒரு வார்த்தைகூட எதிர்த்துப் பேசவில்லை.

பேனாவின் மூடி திறந்தது. அதே நேரம் கதவும் திறந்தது.

கழுத்தில் நீலத் துண்டோடு ஒரு பெண்ணும், கண்ணீரோடு ஒரு பல் டாக்டரும்!

3

நடந்ததை டாக்டர் சொன்னார். நடுநடுவே மூக்கைச் சிந்தினார். மச்சினி செய்தியைப் படித்துவிட்டு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். பதிவை ஒரு தடவை மாற்றினால் மாற்றினதுதான், அடித்துத் திருத்த முடியாது, வாங்கினவன் மனசு வைத்தால்தான் திரும்பி வரும் என்றாள்.

அத்தான் மட்டும் உட்காரவில்லை. மேசையை ஒரு தட்டுத் தட்டினார்.

"நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேனா இல்லையா? டாக்டர் தினமும் காலைல சீமாட்டி பதிவைத் திறந்து ஆசையா ஒரு தடவை பாப்பாரு. அந்தக் கேள்வி எங்க போகுது? இவங்க நோடுக்கு. எந்த நாயைப் பத்தி, எந்தக் கட்டடத்துலேர்ந்து கேக்கறாங்கன்னு இவங்களுக்கு அத்துப்படி. அங்க ஒருத்தன் வாயைத் திறந்தா போதும், நாய் காலி."

எல்லோரும் பிரதிநிதியைப் பார்த்தார்கள். பிரதிநிதி தன் பேனாவைப் பார்த்தார். மூடியைப் போட்டுப் பைக்குள் செருகிக்கொண்டார். தங்கள் கம்பெனியில் அப்படிப்பட்டவர்கள் இல்லை என்று அவர் சொன்னது, அவருக்கே சரியாகக் கேட்கவில்லை.

இன்ஸ்பெக்டருக்கும் அத்தான் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. மரக்காத பக்கத்துக் கன்னத்தைச் சொறிந்தார்.

"எனக்கு இந்த நோடு கீடெல்லாம் தெரியாது. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. பதிவு மாறிடுச்சான்னு கடத்தினவனுக்கு எப்படித் தெரியும்?"

"பாத்துக்கிட்டே இருக்கணும் மேடம்" என்றாள் மச்சினி. "முகவரின்னா நோட்டுல ஒரு கணக்கு நம்பர் மாதிரி. அதுக்கு ஏதாவது வந்துச்சா வந்துச்சான்னு ஒரு நோடைக் கேட்டுக்கிட்டே இருக்கணும்."

"அப்ப கேக்கறவனைப் பிடிச்சா?"

மச்சினியின் கண்கள் விரிந்தன.

அத்தான் சிரித்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்வது போல் பொறுமையாகச் சொன்னார்.

"மேடம், விவரம் தெரிஞ்ச திருடன் வாடகை நோடுல போய்க் கேக்க மாட்டான். சொந்தமா ஒண்ணு வச்சிருப்பான். அவன் வீட்டுலயே கேள்வி, அவன் வீட்டுலயே பதில். ஈ காக்காய்க்குத் தெரியாது."

"நல்ல ஏற்பாடுதான்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அதைத்தான் மூணு மாசமா சொல்றேன்" என்று பூரித்துப்போனார் அத்தான்.

அப்போதுதான் டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு விசும்பினார். இரண்டு மணி, மாத்திரை, இதயம் என்று மறுபடியும் புலம்பத் தொடங்கினார்.

அத்தானின் சிரிப்பு பாதியில் நின்றது!

"மாத்திரையா? என்ன மாத்திரை? பேரென்ன?"

"ஏன் கேக்கறீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சும்மா... பொது அறிவுக்கு."

அத்தானின் நெற்றியில் வியர்வை அரும்பியது. மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். வீட்டில் நோடை ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் பத்தே நிமிஷத்தில் வந்துவிடுகிறேன் என்று எழுந்தார்.

"யாரும் எங்கேயும் போக வேண்டாம்" என்றார் இன்ஸ்பெக்டர். "போனையெல்லாம் மேசை மேல வைங்க."

நாலு போன்கள் மேசைக்கு வந்தன. அத்தானுடையது கடைசியாக வந்தது. குப்புறப் படுத்த வாக்கில்!

4

மரியாதை போனவனுக்கு வருகிற வேகம் இருக்கிறதே, அது தனி. பிரதிநிதி எழுந்து நின்றார்.

"எங்களைத் திருடங்கறீங்க. சரி. மூணு மாசமா உங்க பதிவகத்துலேர்ந்து எங்களைக் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் உங்க டேஷ்போர்டுல இருக்கு. எந்த நேரம், என்ன கேள்வி, யார் பேர்ல... எல்லாம். அந்த முகவரியைப் போட்டுத் தேடுங்க. வந்தா என் கம்பெனிக்கு நானே பூட்டுப் போடறேன்."

மச்சினி மடிக்கணினியைத் திறந்தாள். நாற்பது எழுத்தையும் யாராவது படித்துச் சொல்ல வேண்டும். இன்ஸ்பெக்டர் முயன்றார். 'பி' என்று சொல்ல உதடு இரண்டும் ஒட்ட வேண்டும். அவருக்கு ஒரு பக்கம்தான் ஒட்டியது. 'பி'யா 'டி'யா என்று மச்சினி மூன்று தடவை கேட்டாள். கடைசியில் டாக்டரே போனை வாங்கி, அழுகையை அடக்கிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

மச்சினி பொத்தானைத் தட்டினாள்.

திரை நிரம்பியது!

ஒரே கேள்வி. பத்து விநாடிக்கு ஒரு தடவை. வந்துச்சா? வந்துச்சா? வந்துச்சா? நூற்றுக்கணக்கான வரிகள். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலே இன்னொரு வரி முளைத்தது. பத்து விநாடி கழித்து இன்னொன்று.

கடத்தினவன் இந்த நிமிஷமும் கேட்டுக்கொண்டிருக்கிறான்!

பிரதிநிதி, தான் பூட்டுப் போடுவதாகச் சொன்னதை நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"மொதல் கேள்வி எத்தனை மணிக்கு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பத்து மணி அஞ்சு நிமிஷம்."

"அப்ப நானும் டாக்டரும் கிளினிக்கை விட்டே கிளம்பல. இந்த முகவரி எங்க ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது." இன்ஸ்பெக்டர் மேசையில் இரண்டு கையையும் ஊன்றினார். "அனுப்பினவனைத் தவிர. யார் பேர்லம்மா வருது?"

மச்சினி கடைசிக் கட்டத்தைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது. பிறகு மெதுவாகப் படித்தாள்.

"அத்தான் போன்."

மேசையில் குப்புறக் கிடந்த போனையே எல்லோரும் பார்த்தார்கள்.

ஒரு குற்றவாளி அந்த நேரத்தில் என்ன சொல்ல வேண்டும்? நான் இல்லை, யாரோ என் பெயரில் செய்திருக்கிறார்கள், எனக்கு ஒன்றும் தெரியாது... எவ்வளவோ இருக்கிறது. அத்தானும் துள்ளி எழுந்தார். ஆனால் அவருக்குப் பொத்துக்கொண்டு வந்த கோபம் வேறு!

"பொய்! சுத்தப் பொய்! என் போன் கேக்கற ஒவ்வொரு கேள்வியும் என் வீட்டு நோடுக்குத்தான் போகும். இவன் நோடுகிட்ட நான் எதுக்குக் கேக்கணும்?"

சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவர் காதில் விழுந்தது.

"அப்ப கேட்டது நீங்கதான்" என்றார் இன்ஸ்பெக்டர். "எங்க கேட்டீங்கங்கறதுலதான் தகராறு."

அத்தான் உட்கார்ந்தார்.

மச்சினிதான் விஷயத்தை உடைத்தாள். பதிவைப் பார்க்கும் செல்போன் ஆப்பை எழுதியதே அத்தான்தான். மாடு உதைத்தால் என்ன செய்வது என்று அவள் நச்சரித்ததால், சொந்த நோடு பதில் சொல்லாவிட்டால் சத்தம் போடாமல் வாடகை நோடுக்குப் போய்க் கேள் என்று அதில் ஒரு வரி சேர்த்தவரும் அவர்தான். அந்த வரிக்கு வேலையே வராது என்று அன்றைக்கு அவர் பந்தயம் கட்டினார்.

"நானூத்திப் பன்னெண்டு நாள்..." என்று முனகினார் அத்தான். "ஒரு நிமிஷம்கூட நின்னதில்ல."

"ஏங்க இப்படிப் பண்ணீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

உண்மை கொட்டியது. டாக்டர் உள்ளே பல் குடைந்துகொண்டிருந்தபோது ஒன்பதேகாலுக்கு நாயைத் துணிப்பையில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனதை, வீட்டு ஸ்டோர் ரூமில் கம்பளி விரித்துப் படுக்க வைத்ததை, செய்தி அனுப்பியதை, எல்லாவற்றையும் சொன்னார். ஒப்பந்தம் கையெழுத்தாகக் கூடாது. வாடகைக் கம்பெனி மேல் பழி விழ வேண்டும். நாலு மணிக்கு நாயைத் தானே கண்டுபிடித்ததாகக் கொண்டுவந்து கொடுத்து, பதிவையும் திருப்பி மாற்றிவிடுவதாகத் திட்டம். மாத்திரை விஷயம் சத்தியமாகத் தெரியாது என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் டாக்டரின் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை.

"ஒரு வாக்குவாதத்துல ஜெயிக்க நாயைக் கடத்தினீங்களா?"

"வாக்குவாதம் இல்ல மேடம்" என்றார் அத்தான். "கொள்கை."

டாக்டர் அவர் மேல் பாய்ந்திருப்பார். அதற்குள் இன்ஸ்பெக்டர் அத்தானின் போனை எடுத்து அவர் வீட்டுக்குப் போட்டார். ஸ்பீக்கரில்.

அக்கா எடுத்தாள். அத்தான் நாயைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும். மனிதர் கேட்டது இது!

"பெட்டியில பச்சை விளக்கு எரியுதா?"

"எப்படி எரியும்? இஸ்திரி போடணும்னு பிளக்கைப் புடுங்கிட்டேன்" என்றாள் அக்கா சாவகாசமாக. "அது கெடக்கட்டும். ஸ்டோர் ரூம்ல ஒரு நாய் இருக்குங்க. கண்ணையே திறக்க மாட்டேங்குது."

டொக்.

லைன் கட்!

5

ஜீப் பறந்தது. பின் சீட்டில் டாக்டர், மாத்திரையை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு. அவர் பக்கத்தில் அத்தான், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு. மச்சினி முன்னால். பிரதிநிதியை யாரும் கூப்பிடவில்லை. அவராகவே ஏறிக்கொண்டார்.

டாக்டர் யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அத்தானுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். சீமாட்டி குட்டியாக இருந்தபோது தன் செருப்பில் ஒன்றை மட்டும் கடித்துத் தின்ற கதையை, தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வந்தார். அத்தானின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் வழிந்தது. சிக்னல் ஒன்றில் ஜீப் நின்றபோது, அவரே கதவைத் திறந்து இறங்கி, குறுக்கே நின்ற லாரிக்காரரைக் கையெடுத்துக் கும்பிட்டு வழி வாங்கினார்.

மூன்றாவது மாடி. லிஃப்ட் வேறு ஏதோ மாடியில் இளைப்பாறிக்கொண்டிருந்தது. படியில் ஓடினார்கள். முதலில் போய்ச் சேர்ந்தவர் டாக்டர்.

கதவு திறந்தே இருந்தது.

கூடத்தில் சோபா. சோபாவில் அக்கா. அக்காவின் மடியில் சீமாட்டி. நாலு காலும் மேலே, நாக்கு வெளியே, கண் மூடியபடி... அசைவில்லை!

"சீமாட்டி!"

டாக்டர் மண்டியிட்டார். அவள் மார்பில் காதை வைத்தார்.

சத்தம் கேட்டது.

குறட்டை!

"ஒரு கோழித் தொடை, நாலு பிரெட், ஒரு கிண்ணம் பால்" என்றாள் அக்கா. "தின்னுட்டு இப்பத்தான் படுத்தா. எழுப்பாதீங்க."

டாக்டர் எழுப்பினார். சீமாட்டி ஒரு கண்ணைத் திறந்தாள். மாத்திரையைப் பிரெட் துண்டில் ஒளித்துக் கொடுத்தார். விழுங்கினாள். டாக்டரின் மூக்குக் கண்ணாடியை ஒரு நக்கு நக்கிவிட்டு, மறுபடி தூங்கிப்போனாள். மணி இன்னும் பன்னிரண்டுகூட ஆகவில்லை. டாக்டர் சிரித்துக்கொண்டே அழுதார். இன்ஸ்பெக்டர் தன் கழுத்தில் கட்டியிருந்த நீலத் துண்டை அவிழ்த்து, கண்ணைத் துடைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தார்.

புகார் எழுதிக் கொடுக்கிறீர்களா என்று டாக்டரிடம் கேட்டார். டாக்டர் அத்தானை வாயைத் திறக்கச் சொன்னார். உள்ளே எட்டிப் பார்த்தார். நிதானமாகச் சொன்னார்.

"மூணு சொத்தைப் பல் இருக்கு மேடம். மூணையும் நாளைக்கு நானே பிடுங்கறேன். மரக்கற ஊசி மட்டும் ஸ்டாக் இல்ல. அதுக்கு சம்மதம்னா எனக்குப் புகார் இல்ல."

அத்தான் தலையாட்டினார். ஆட்டும்போதே அவர் கண் டி.வி. பக்கம் போனது. கறுப்புப் பெட்டி இருட்டாகக் கிடந்தது. பிளக் தரையில் கிடந்தது. அந்த இடத்தில் இஸ்திரிப் பெட்டியின் பிளக் இருக்க வேண்டும். சுவரில் ஒன்றுமே இல்லை! அத்தான் சுற்றுமுற்றும் பார்த்தார். மேசையில் இல்லை. சோபாவில் இல்லை. மெதுவாக அவருக்கு ஒன்று உறைத்தது.

"நம்ம வீட்டுல... இஸ்திரிப் பெட்டியே கிடையாதே!"

"இப்பத்தான் தெரிஞ்சுதா?" என்றாள் அக்கா. "கல்யாணமாகி ஒன்பது வருஷமா கசங்கின சட்டையோடதான் போறீங்க."

"அப்ப எதுக்கு பிளக்கைப்..."

"வெங்காயம் எடுக்க ஸ்டோர் ரூமைத் திறந்தேன். இவ உக்காந்திருந்தா. உங்க பதிவகத்து விளம்பரத்துல மொதப் பக்கத்துல இருக்கற மூஞ்சி, எனக்குத் தெரியாதா? இன்னிக்குக் கையெழுத்து நடக்காதுன்னு காலைல கண்ணாடியைப் பாத்து நீங்க சிரிச்சதும் ஞாபகம் வந்துச்சு." அக்கா சீமாட்டியின் காதைத் தடவிக் கொடுத்தாள். "போலீசுக்குப் போன் பண்ணலாம்னு எடுத்தேன். கை வரல. கட்டின புருஷனை நானே காட்டிக் குடுக்கலாமா? பெட்டி செத்தா உங்க போன் நேரா தங்கச்சி பக்கம் போய்க் கேக்கும்னு, மூணு மாசமா சாப்பிடும்போதெல்லாம் நீங்கதானே திட்டிக்கிட்டே சொன்னீங்க? அதான் புடுங்கினேன். உங்க போனே உங்களைக் காட்டிக் குடுக்கட்டும்னு விட்டுட்டேன்."

மச்சினி திறந்த வாயை மூடவில்லை. தங்கள் சண்டையில் ஒரு எழுத்துக்கூட அக்காவுக்குப் புரியாது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தவள் அவள்.

"கண்ணைத் திறக்கலைன்னு போன்ல சொன்னீங்களே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தூங்கறவ எப்படிங்க கண்ணைத் திறப்பா? அப்படிச் சொன்னாத்தானே வேகமா வருவீங்க."

இன்ஸ்பெக்டர் விறைப்பாக நின்று ஒரு சல்யூட் அடித்தார். மரத்த கன்னம் அப்போதுதான் வலிக்கத் தொடங்கியிருந்தது. அதோடு சிரித்ததில் இன்னும் வலித்தது.

இதுதான் சமயம் என்று பிரதிநிதி முன்னால் வந்தார். ஒப்பந்தத்தை மச்சினியிடம் நீட்டினார். இனிமேல் என்ன யோசனை, வாடகை நோடு வென்றுவிட்டது என்றார். பேனாவின் மூடியைத் திறந்தும் கொடுத்தார்.

மச்சினி பேனாவை வாங்கினாள். வெற்றிச் சிரிப்போடு அக்காவைப் பார்த்தாள்.

அக்கா தரையில் கிடந்த பிளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னாள்.

"அவசரப்படாதடி. இவங்க நோடுக்கும் எங்கேயாவது ஒரு பிளக் இருக்கும். அந்த வீட்டம்மா யாருன்னு விசாரிச்சுட்டு அப்புறம் கையெழுத்துப் போடு."